பசி தணிந்த பிறகு வந்த வாசிப்பு: வில்லியம் காம்குவம்பா பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழை வீட்டுப் பிள்ளை படித்து முன்னுக்கு வந்த கதையைச் சொல்லும்போது பசியையும் புத்தகத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுவது நம் வழக்கம். வயிறு காய்ந்தது, வைராக்கியம் வந்தது, படித்தான் என்று மூன்றே சொற்றொடரில் கதை முடிந்துவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டைச் சேர்ந்த வில்லியம் காம்குவம்பாவின் கதையும் உலகெங்கும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. பஞ்சம் வந்தது, பள்ளி நின்றது, நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பழைய இரும்பில் காற்றாலை செய்தான்.

ஒவ்வொரு துண்டும் உண்மைதான். ஆனால் அவர் 2009 இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் தன் மேடைப் பேச்சுகளில் சொன்னவற்றையும் வைத்து எது முன்பு, எது பின்பு என்று வரிசைப்படுத்தினால் வேறு ஒன்று தெரிகிறது. பசி உச்சத்தில் இருந்த மாதங்களில் அந்தச் சிறுவன் நூலகத்தின் பக்கமே போகவில்லை. வயலில் மக்காச்சோளம் முற்றி, வீட்டில் மறுபடி அடுப்பு ஒழுங்காக எரியத் தொடங்கிய பிறகுதான் போனான். இந்த ஆய்வின் அக்கறை காற்றாலை அல்ல. காற்றாலையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு கிராமத்துச் சிறுவன் எந்தச் சூழலில், எந்த வரிசையில் வாசகனானான் என்பதே இங்கு பார்க்க வேண்டியது.

குடும்பமும் ஊரும்

வில்லியம் 1987 ஆகஸ்ட் 5 அன்று பிறந்தான். வளர்ந்தது மலாவியின் கசுங்கு மாவட்டத்தில், விம்பே பகுதியிலுள்ள மசிதாலா என்ற சிற்றூரில். ஆறு சகோதரிகளோடு பிறந்த ஒரே ஆண் பிள்ளை. தந்தை விவசாயி. உண்பதற்கு மக்காச்சோளம், விற்பதற்குக் கொஞ்சம் புகையிலை. மழை தவறினால் இரண்டுமே போகும். ஊரில் மின்சாரம் கிடையாது. பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்கு. மண்ணெண்ணெய்க்குக் காசு இல்லாத வீட்டில் ஏழு மணிக்கெல்லாம் உறக்கம். வாசிப்பைப் பற்றிப் பேசும்போது இந்த ஏழு மணிக் கணக்கை மறந்துவிடக் கூடாது. பகலில் வயல் வேலை, இரவில் இருட்டு என்றால் ஒரு பிள்ளை எப்போது படிக்கும்?

மலாவியில் 1994 இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். எட்டாம் வகுப்பு வரை சிக்கல் இல்லை. அதற்கு மேல் இடைநிலைப் பள்ளிக்குக் கட்டணம் உண்டு. வில்லியமின் பள்ளிக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 80 டாலர் என்று பின்னாளில் செய்திகள் குறிப்பிட்டன.

புத்தகத்துக்கு முன்பே வந்த கேள்வி

நூலகத்துக்குப் போவதற்கு வெகு முன்பே அவனுக்கு ஒரு கேள்வி இருந்தது. பரவலாகச் சொல்லப்படும் கதையில் இந்தப் பகுதி அடிபட்டுப் போகிறது.

அவனும் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவனும் ஊரார் கொண்டுவரும் பழுதான வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் பழக்கம் உள்ளவர்கள். பற்றவைக்கும் கருவி கிடையாது; கம்பியைத் தீயில் காய்ச்சி ஈயத்தை உருக்கி ஒட்டவைப்பார்கள். எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று சொல்லித்தர ஆள் இல்லை. ஒன்றைக் கழற்றினால் எந்த ஓசை நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றார்கள். ஒருநாள் சைக்கிளில் பொருத்திய டைனமோவை அவன் பார்த்தான். சக்கரம் சுற்றினால் விளக்கு எரிகிறது. எப்படி? கேட்ட பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. பெடலை மிதித்தால் எரிகிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் கம்பியை வானொலியில் செருகிப் பார்த்தார்கள். பாட்டு வந்தது. ஆனால் ஒருவன் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதிப்பவன் ஆட முடியாது. நமக்குப் பதிலாக மிதிக்க வேறு யார் கிடைப்பார்கள் என்ற கேள்வி அங்கே நின்றுபோனது.

ஒரு பிள்ளைக்குப் புத்தக ஆர்வத்தை ஊட்டுவது எப்படி என்று கேட்பவர்கள் புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். இந்த நிகழ்வில் புத்தகம் கடைசியில்தான் வந்தது. டைனமோவைப் பற்றிய கேள்வி பதில் கிடைக்காமல் காத்துக் கிடந்தது.

பஞ்சம்

2000-2001 பருவத்தில் முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. உர விலை ஏறியிருந்ததால் பல குடும்பங்கள் உரமே போடவில்லை. நாட்டின் அவசரகாலத் தானியக் கையிருப்போ ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தது. இயற்கை பாதி, நிர்வாகம் பாதி என்று சொல்லத்தக்க பஞ்சம் அது. 2001 இன் கடைசி மாதங்களிலும் 2002 இன் தொடக்கத்திலும் மலாவியில் மக்கள் பட்டினியால் செத்தார்கள்.

வில்லியமின் வீட்டில் நாளைக்கு ஒரு வேளை, அதுவும் இரவில். மக்காச்சோள மாவில் கிண்டும் 'ன்சிமா' ஆளுக்கு மூன்று வாய். இருந்த சிறிது மாவில் அம்மா பணியாரம் போலச் சுட்டுச் சந்தையில் விற்று, வந்த காசில் மறுநாளுக்கு மாவு வாங்கினார். முதலைத் தின்றுவிட்டால் வியாபாரம் நின்றுவிடும் என்பதால் சுட்டதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாத நிலை.

2002 ஜனவரியில் இடைநிலைப் பள்ளி திறந்தது. போனான். கட்டணம் செலுத்தாதவர்கள் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு விரைவில் வந்தது. சில நாள் கண்ணில் படாமல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தான். அது நீடிக்கவில்லை. அவன் வயது 14.

அந்த மாதங்களில் அவனது பொழுது என்னவாகக் கழிந்தது என்று பார்த்தால் வாசிப்புக்கு அங்கே இடமே இல்லை என்பது புரியும். உணவு தேடுவது, வயலில் களை எடுப்பது, களைத்துப் படுப்பது. பசித்த மூளை எதிலும் நிலைகொள்ளாது. அறிவியலை அறியும் முன் ஏழை விவசாயிகளின் நாட்டில் தானும் ஒரு விவசாயி, அவ்வளவே என்று அவர் பிற்காலத்தில் மேடையில் சொன்னதுண்டு. பஞ்சகாலச் சிறுவனிடம் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் எழுந்து நின்றுவிடுவான் என்று நம்புகிறவர்கள் இந்த மாதங்களைத்தான் படிக்க வேண்டும்.

இளஞ்சோளம், வெட்டிப்பொழுது, நூலகம்

வயலில் இளஞ்சோளம் முற்றத் தொடங்கியதும் ஊர் மூச்சு விட்டது. வேகவைத்தும் சுட்டும் தின்றார்கள். பட்டினி விலகியது, கடன் விலகவில்லை. விளைந்தது வீட்டுக்கும் கடனுக்குமே சரியாக இருந்ததால் பள்ளிக் கட்டணத்துக்கு அப்போதும் வழியில்லை.

ஆக, வயிறு நிரம்பிய, பள்ளி இல்லாத, வயல் வேலை குறைந்த ஒரு சிறுவன் மிஞ்சினான். கடைத்தெருவில் மற்றவர்களோடு 'பாவோ' ஆடிக்கொண்டிருந்தான். குழிகளில் காய்களைப் பகிர்ந்து போடும் ஆட்டம். நம் பல்லாங்குழிக்கு உறவு. விருப்பமான ஆட்டம்தான் என்றாலும் அதுவே பொழுதாகிவிட்டபோது அலுத்தது. அப்போதுதான் தன் பழைய தொடக்கப் பள்ளியில் ஒரு சிறு நூலகம் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்றின் வழியாக அமெரிக்க அரசு நன்கொடையாக அளித்த நூல்கள் அங்கிருந்தன.

வாசிப்பின் மீது காதல் வந்து அவன் அங்கே போகவில்லை. பயத்தால் போனான். பணம் கிடைத்துப் பள்ளிக்குத் திரும்பும்போது பின்தங்கிவிடக் கூடாது என்ற பயம். ஆகவே முதலில் எடுத்தவை பள்ளிப் பாடங்களை ஒட்டிய நூல்களே. பள்ளியில் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன் அன்றன்றைய பாடத்தைச் சொன்னான், குறிப்பேட்டைக் காட்டினான். அந்த நண்பனை இந்தக் கதையில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நூலகம் இருந்தும் நண்பன் இல்லாதிருந்தால் எந்தப் பாடத்தைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது. பின்னாளில் டைனமோ வாங்கத் தன் கைக்காசைக் கொடுத்தவனும் அவனே.

நூலகர் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியை விட்டு நின்ற, அந்தத் தொடக்கப் பள்ளியின் மாணவனும் அல்லாத பையனை அந்தப் பெண்மணி உள்ளே விட்டார். புத்தகத்தை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். புரியாத சொல்லுக்குப் பொருளும் சொன்னார். விதியைக் காட்டி மறுத்திருந்தால் தவறு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பள்ளி நூலகம் பள்ளி மாணவர்களுக்கே என்ற பலகை எத்தனை ஊர்களில் தொங்குகிறது!

படத்திலிருந்து சொல்லுக்கு

அவனுக்கு ஆங்கிலம் சரியாக வராது. தாய்மொழி சிச்சேவா. நூல்களோ ஆங்கிலத்தில், அதுவும் இயற்பியல். அவன் கண்டுபிடித்த வாசிப்பு முறைதான் எனக்கு இந்த நிகழ்வின் மிக அரிய பகுதியாகப் படுகிறது.

முதல் பக்கத்திலிருந்து வாசிக்கவில்லை. படங்களைப் பார்த்தான். ஒரு படம் பிடித்தால் அதன் எண்ணைப் பார்த்தான். படம் 10 என்றால், உரையில் 'படம் 10' என்று எங்கே வருகிறதோ அங்கே போனான். அதைச் சுற்றியுள்ள வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அகராதியோடு மல்லுக்கு நின்றான். தெரிந்த படம், தெரியாத சொல். படம் இன்னது என்று ஊகம் இருப்பதால் சொல்லும் மெல்லப் பிடிபட்டது. பிடிபட்ட சொல்லைக் கொண்டு அடுத்த வரி. எழுத்துக்கூட்டி, வரி வரியாகப் படித்து, பிறகு பொருளுக்கு வருவதே வாசிப்பின் ஒழுங்கு என்று பழக்கப்பட்ட நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் வானொலியைப் பிரித்துக் கற்றவன் புத்தகத்தையும் பிரித்துத்தானே பார்ப்பான்?

'எக்ஸ்ப்ளெயினிங் ஃபிசிக்ஸ்' என்ற நூலில் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னாக்கியும் இருந்தன. காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் சுழன்றால், அல்லது கம்பிச்சுருளருகே காந்தம் சுழன்றால், மின்னோட்டம் பிறக்கிறது. பெரியவர்களிடம் கேட்டுப் பதில் கிடைக்காத டைனமோக் கேள்விக்கு விடை அந்தப் பக்கங்களில் கிடந்தது. தன் கேள்வியை முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து முன்பே கேட்டு, பதிலும் எழுதிவைத்திருக்கிறார் என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவரும் கணம் சாதாரணமானதல்ல. பாடத்துக்காகப் படித்தவன் வாசகனாக மாறியது இங்கேதான் என்பது என் கணிப்பு.

தட்டின் உள்ளே ஒளிந்திருந்த நூல்

அடுத்தது தற்செயல். ஒருநாள் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க அகராதியை எடுக்கக் குனிந்தபோது, தட்டில் உள்ளே தள்ளிப் பாதி மறைந்திருந்த ஒரு நூல் கண்ணில் பட்டது. அமெரிக்கப் பள்ளிகளுக்கான பாடநூல். பெயர் 'யூசிங் எனர்ஜி'. அட்டையில் வரிசையாகக் காற்றாலைகள். அவை என்ன என்றே அவனுக்குத் தெரியாது. சிறுவயதில் தாங்கள் செய்து விளையாடிய காற்றாடி பெரிதாக நிற்பதுபோல் இருந்தது. உள்ளே, காற்றாலையால் தண்ணீர் இறைக்கலாம், மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. யார் மிதிப்பது என்ற கேள்விக்குக் காற்று வந்து நின்றது. தண்ணீர் இறைத்தால் பாசனம். பாசனம் என்றால் ஆண்டுக்கு இரு போகம். இரு போகம் என்றால் இன்னொரு பஞ்சம் வராது. மின்சாரம் என்றால் ஏழு மணிக்குப் படுக்காமல் படித்துக்கொண்டிருக்கலாம். இந்த ஆசையையும் அவர் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. வாசகர் தாமே தட்டருகே போய்த் துழாவ வேண்டும், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைத்துக் கேட்டால் எடுத்துக்கொடுக்கும் முறை கூடாது என்று அவர் வற்புறுத்தியதற்கு அந்த விதி ஓர் அடிப்படை. வில்லியமால் பெயர் சொல்லி அந்த நூலைக் கேட்டிருக்க முடியாது. அப்படி ஒரு நூல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. குனிந்ததால் கிடைத்தது. அடுக்கிவைத்த விதத்தைப் பார்த்தால் அந்த நூலகம் முன்மாதிரி இல்லை. பாதி மறைந்த புத்தகம் ஒழுங்குக்குச் சான்றாகாது. ஆனால் தட்டு திறந்திருந்தது.

செய்து பார்த்தது

காற்றாலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூகலிப்டஸ் மரத்தில் கோபுரம், பழைய சைக்கிள் சட்டம், டிராக்டர் விசிறி, அதிர்வுதாங்கியின் தண்டு, உருக்கித் தட்டையாக்கிய பிவிசி குழாயில் இறக்கைகள், வாஷருக்குப் பதில் பாட்டில் மூடிகள். இரும்புத் துண்டுகளைத் தேடிய குப்பைமேடு அவனை வெளியே அனுப்பிய பள்ளிக்கு எதிரிலேயே இருந்தது. குப்பை கிளறுகிறான் என்று பழைய வகுப்புத் தோழர்கள் கேலி செய்தார்கள். பையனுக்கு மூளை கலங்கிவிட்டது, கஞ்சா புகைக்கிறான் என்று ஊர் பேசியது. 2002 இலேயே, அவனது 15 வயதில், காற்றில் விளக்கு எரிந்தது.

2019 இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காற்றாலை தண்ணீர் இறைத்துப் பஞ்சத்திலிருந்து ஊரைக் காத்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம். திரைக்கதைக்கு அது தேவைப்பட்டது. நடந்தது அப்படியல்ல. முதல் காற்றாலை எரித்தது வீட்டு விளக்கைத்தான். தண்ணீர் ஏற்பாடுகள் சில ஆண்டுகள் கழித்து, வெளியுதவி வந்த பிறகே அமைந்தன. எனக்கு உண்மைக் கதையே மேலாகத் தோன்றுகிறது. முதல் வெளிச்சம் அவன் அறைக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் மேலும் படித்தான். காற்றில் அலைந்த கம்பிகள் உரசித் தீப்பிடிக்கும் ஆபத்து வந்தபோது, ஆணியும் காந்தமும் கொண்டு மின்னோட்டத்தைத் தானாகத் துண்டிக்கும் கருவி செய்ததும் அதே இயற்பியல் நூலின் துணையோடுதான்.

இந்த நிகழ்வு எதை நிறுவவில்லை

நன்கொடை நூல்களைக் குவித்தால் போதும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எங்கோ அச்சான, பிள்ளைகளின் மொழியில் இல்லாத பாடநூல்களைக் கிராமப் பள்ளிகளில் இறக்குவது பெரும்பாலும் இடத்தை அடைக்கும் வேலை. இங்கே ஒரு நூல் பயன்பட்டதற்குக் காரணம் அதில் படங்கள் இருந்தன, கேட்க ஒரு நூலகர் இருந்தார், கேட்பவனிடம் கேள்வி இருந்தது. தாய்மொழியில் அதே இயற்பியல் கிடைத்திருந்தால் அவன் அகராதியோடு போராடிய வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

வாசிப்பு பள்ளிக்கு ஈடானது என்பதையும் இது நிறுவவில்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவன் பள்ளிக்கு வெளியே நின்றான். வழிகாட்டும் ஆசிரியர் இல்லை, ஆய்வகம் இல்லை, உலகில் வேறெங்கே யார் என்ன செய்கிறார்கள் என்ற செய்தி இல்லை. 2007 இல் தான்சானியாவின் அருஷா நகரில், புதிய சிந்தனைகளைப் பேசவைக்கும் டெட் (TED) மாநாட்டு மேடைக்கு அழைக்கப்பட்டபோதுதான் முதன்முதலாக இணையத்தைப் பார்த்தார். காற்றாலை என்று தேடியதும் படங்களும் விளக்கங்களும் வந்து விழுந்தன. இந்தக் கூகுள் இத்தனை நாள் எங்கிருந்தது என்று பின்னாளில் அவர் வேடிக்கையாகக் கேட்டதில் கசப்பும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

அதே பஞ்சத்தில் பள்ளியை விட்டவர்கள் பலர். அவர்களில் வாசகராக முடிந்திருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வெட்டிப்பொழுதும் கிடைத்திருக்காது என்று ஊகிக்கலாம். தண்ணீரும் அடுப்பும் அவர்களுடையவை. வில்லியமின் சகோதரிகள் யாரும் நூலகத் தட்டருகே குனிய நேரம் பெற்றதாக இந்தக் கதையில் ஒரு வரியும் இல்லை.

வெளியுலகம் காற்றாலையை அறிந்ததும் நூலகத்தின் வழியேதான். 2006 இல், அந்த நூல்களை வழங்கிய திட்டத்தின் அதிகாரிகள் நூலகத்தைப் பார்வையிட வந்தார்கள். புத்தகங்கள் பயன்படுகின்றனவா என்று பார்க்க வந்தவர்களின் கண்ணில் கோபுரம் பட்டது. விசாரித்தார்கள், அவர்களின் மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்துச் செய்தியாளர்களையும் அழைத்துவந்தார், நாளிதழில் செய்தி வந்தது, அதை வலைப்பதிவர்கள் பரப்பினார்கள். அதே அதிகாரியின் முயற்சியால் வில்லியமுக்கு மறுபடி பள்ளியில் இடம் கிடைத்தது. 2007 இல், 19 வயதில், தன்னைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களோடு இடைநிலைப் பள்ளியின் தொடக்க வகுப்பில் உட்கார்ந்தார். அடுத்து தென்னாப்பிரிக்காவில் படிப்பு. 2014 இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம். ஆண்டுக்கு 80 டாலரை 2002 இலேயே யாராவது கட்டியிருந்தால் அவன் அந்த நூலகத்துக்குப் போகாமலே இருந்திருப்பான் என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்பதுண்டு. போயிருக்க மாட்டானா என்பது யாருக்கும் தெரியாது. டைனமோக் கேள்வி மட்டும் அவனிடம் இருந்திருக்கும்; இயற்பியல் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் எதிரில் நின்றிருப்பார்.